இணையதள அணுகல் விதி: யாருக்குப் பொருந்தும், எப்படிச் சோதிப்பது?

2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, கட்டடங்களையும் போக்குவரத்தையும் சொல்லும்போதே இணையத்தையும் சேர்த்துச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் அதைப் பயன்படுத்த அரசுகள் வழிசெய்ய வேண்டும்; 'அணுகல்' என்பது இதுதான். பல நாடுகளில் அரசுத் தளங்களுக்கு இது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் வங்கிச் சேவை, ஆன்லைன் விற்பனை போன்ற தனியார் தளங்களும் இதற்குள் வந்துவிட்டன.

தளம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டங்கள் பெரும்பாலும் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் 'டபிள்யூசிஏஜி' என்ற அணுகல் வழிகாட்டியையே அளவுகோலாக வைக்கின்றன. அதில் ஏ, ஏஏ, ஏஏஏ என மூன்று நிலைகள். வழக்கமாகக் கேட்கப்படுவது ஏஏ. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். எழுத்தை இருமடங்காக்கினாலும் எதுவும் மறையக் கூடாது. மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே வேலை முடிய வேண்டும்.

பலரும் கவனிக்காத நிபந்தனை ஒன்று உண்டு. ஒரு வேலை பல பக்கங்களில் நடந்தால், அத்தனை பக்கமும் தேற வேண்டும். விண்ணப்பத்தின் ஐந்து பக்கங்கள் அருமையாக இருந்து, ஆறாவதில் 'சமர்ப்பி' பட்டன் கீபோர்டுக்குச் சிக்கவில்லை என்றால், முதல் ஐந்தும் விதிப்படி தேறாது. கறாரான விதிதான். ஆனால் விண்ணப்பம் போய்ச் சேராதவருக்கு அந்த ஐந்து பக்கங்களால் என்ன பயன்?

தானாகச் சோதிக்கும் மென்பொருளை முதலில் ஓட்டுங்கள்; அதன் 'பாஸ்' முத்திரையோடு நின்றுவிடாதீர்கள். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்த விளக்கம் வெறும் 'படம்1' என்றிருந்தாலும் பெரும்பாலும் விட்டுவிடும். மவுஸை ஒதுக்கிவிட்டு டேப் விசையாலேயே ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்கள். கர்சர் எங்கே நிற்கிறது என்று தெரிகிறதா? அடுத்து, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் ஒன்றை (இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ போல) ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் அதே படிவத்தை மறுபடி நிரப்புங்கள். அன்றாடம் ஸ்கிரீன் ரீடரோடு வேலை செய்பவர்களைக் கூலி கொடுத்துச் சோதிக்கச் சொன்னால், மற்றவர் கண்ணில் படாததெல்லாம் வெளியே வரும்.

பயன்படுத்துபவர் புகார் செய்வதானால், தளத்தின் அடியில் 'அணுகல் அறிக்கை' இருக்கிறதா என்று தேடுங்கள். ஐரோப்பிய அரசுத் தளங்களில் அது கட்டாயம். புகார் அனுப்பும் வழியும் அதில் இருக்க வேண்டும். "தளம் சரியில்லை" என்று பொதுவாக எழுதாமல், பக்கத்தின் முகவரி, எந்தப் படியில் நின்றது, எந்த பிரவுசர், எந்த ஸ்கிரீன் ரீடர் என்று குறிப்பிடுங்கள்.