எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?

ஆய்வு தொடங்குகிறவர்கள் நெறியாளரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "சார், எத்தனை பேர்கிட்ட கேட்கணும்?" இதற்குப் பதில் சொல்வதற்கு முன், அந்த ஆய்வு எதைத் தெரிந்துகொள்ளப் போகிறது என்பது தெரிய வேண்டும். எவ்வளவு, எத்தனை சதவீதம், கூடியதா குறைந்ததா என்பது கேள்வியானால் எண்ணிப் பார்க்கும் அளவுசார் ஆய்வு வேண்டும். ஏன் இப்படி நடக்கிறது, அதை அனுபவிக்கிறவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது கேள்வியானால் பேசிப் பார்க்கும், கூட இருந்து கவனிக்கும் பண்புசார் ஆய்வு வேண்டும்.

நடைமுறையில் தேர்வு இப்படி நடப்பதில்லை. புள்ளியியலுக்குப் பயந்து நேர்காணல் பக்கம் போகிறவர்கள் உண்டு. அட்டவணை இருந்தால்தான் அறிவியல் என்று நம்பி, மனிதர்களின் துக்கத்தைக்கூட ஐந்து கட்டங்களில் ஒன்றில் டிக் அடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு வழியிலும் ஆய்வு தொடங்கும்போதே பாதி கெட்டுவிடுகிறது.

நல்ல தேர்வு எப்படியிருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அங்கிருந்த ஜவுளி ஆலையை மூடிவிட்டார்கள். ஏறக்குறைய ஊருக்கே வேலை போய்விட்டது. நீண்டகால வேலையின்மை மனிதர்களை என்ன செய்கிறது என்று பார்க்க, 1931-ல் மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோரின் குழு அங்கே போனது.

நூலகப் பதிவேட்டிலேயே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. வேலை இல்லாதவர்களிடம் பொழுது நிறைய இருக்கிறது, ஆகவே நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஆனால் 1929-க்கும் 1931-க்கும் இடையில் இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதுவும், முன்பு இருந்த கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகு. பதிவேடு சொன்னது அவ்வளவுதான். ஏன் என்று அதனிடம் கேட்க முடியாது.

காரணத்தைத் தேடி, ஒரு நாளை எப்படிக் கழித்தார்கள் என்று மணிவாரியாக எழுதித் தரச் சொன்னார்கள். பல ஆண்களால் தாளை நிரப்பவே முடியவில்லை. எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர மனதில் எதுவும் தங்கவில்லை. காலைப் பொழுதுக்கு எதிரே ஒருவர் எழுதியது: "அதற்குள் மதியம் ஆகிவிடுகிறது." நேரம் கையில் குவிந்திருந்தும், அதைப் பயன்படுத்தும் பழக்கமே கரைந்துபோயிருந்தது என்பதை எந்தச் சதவீதமும் இந்த ஒரு வரி போலக் காட்டியிருக்காது.

அப்புறம் அவர்கள் மறுபடி எண்ணிக்கைக்குத் திரும்பினார்கள். ஆண்கள் தளர்ந்து நடப்பதுபோலத் தோன்றியது. தோன்றியதை அப்படியே எழுதிவிடாமல், ஒரு ஜன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தோடு நின்று, பிரதான சாலையில் போன சுமார் நூறு பேரைக் கவனித்தார்கள். ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வழியில் இரண்டு முறையாவது நின்றார்கள். பெண்கள் அப்படி நிற்கவில்லை. நடையும் வேகமாக இருந்தது. அவர்களுக்கு ஆலை வேலைதான் போயிருந்தது, வீட்டு வேலை அப்படியே இருந்தது. கண்ணால் பார்த்த சந்தேகத்தை எண் உறுதிசெய்தது. எண்ணில் தெரிந்த வித்தியாசத்துக்கு வீடுகளின் அன்றாடம் விளக்கம் தந்தது. இன்று கலப்புமுறை ஆய்வு என்று சொல்வதன் சாரம் இந்தப் போக்கும் வரத்தும்தான். நாலு நேர்காணலையும் ஒரு சர்வேயையும் ஒரே ஆய்வேட்டில் அடுத்தடுத்து வைத்துவிட்டால் அது கலப்பு ஆகிவிடாது.

சரி, எத்தனை பேர்? அளவுசார் ஆய்வில் மாதிரியில் இருப்பவர்கள் மற்ற எல்லோருக்கும் பதிலாக நிற்கிறார்கள். குலுக்கல் முறையில் 400 பேரைத் தேர்ந்தெடுத்தால், 95% உறுதியோடு சொல்லும்போது பிழை வரம்பு, அதாவது மாதிரியில் கிடைத்த விடை உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, கூடவோ குறையவோ சுமார் 5 சதவீதப் புள்ளிகள். 1,000 பேர் என்றால் சுமார் 3. பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு ஆட்கள் வேண்டும். மொத்த மக்கள்தொகை ஒரு லட்சமா பத்துக் கோடியா என்பதால் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

ஆனால் இவ்வளவும் "குலுக்கல் முறையில்" என்ற நிபந்தனையில் தொங்குகிறது. 1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை வைத்து லேண்டன் வெல்வார் என்றது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை, அதாவது வசதி படைத்தவர்களுடையவை. சீட்டைத் திருப்பி அனுப்பச் சிரமம் எடுத்துக்கொண்டவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனநிலையில் இல்லை. எண்ணிக்கை ஏற ஏற இந்தச் சாய்வு குறையாது. தவறான பதிலின் மேல் நம்பிக்கைதான் ஏறும்.

பண்புசார் ஆய்வில் கணக்கே வேறு. அங்கே தேடுவது என்னென்ன வகையான அனுபவங்கள் இருக்கின்றன என்பதை. புதிதாகப் பேசுகிறவர்கள் ஏற்கெனவே கேட்டதையே சொல்லத் தொடங்கும் கட்டம் வரும். அதை நிறைவு நிலை என்பார்கள். கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை அலசி 2006-ல் வெளிவந்த ஒரு கட்டுரை, கருப்பொருள்களில், அதாவது பேச்சுகளிலிருந்து திரண்டு வரும் முக்கிய விஷயங்களில், பெரும்பாலானவை முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே வந்துவிட்டதாகக் காட்டியது. அதிலிருந்து 12 என்பதையே விதிபோலப் பிடித்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. அங்கே பேசியவர்கள் ஓரளவு ஒத்த பின்னணி உள்ளவர்கள், கேள்விகளும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. பின்னணி விரிந்தால் நிறைவும் தள்ளிப்போகும். 15 பேரிடம் பேசிவிட்டு "60% பேர் கூறினர்" என்று எழுதுவது அதைவிடப் பெரிய தப்பு. ஒன்பது பேர் என்று எழுதுங்கள்; அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

மதிப்பிடும்போதும் அந்தந்த முறைக்குரிய கேள்வியைக் கேட்க வேண்டும். நேர்காணல் ஆய்வைப் பார்த்து "மாதிரி சின்னது" என்று நிராகரிப்பது நியாயமில்லை. தன் முடிவுக்கு ஒத்துவராத பேச்சை ஆய்வாளர் என்ன செய்தார், வேறொருவர் அதே உரைகளைக் குறியிட்டால், அதாவது ஒவ்வொரு பகுதியும் எதைப் பற்றியது என்று பெயர் கொடுத்து வகைப்படுத்தினால், அதே கருப்பொருள் கிடைக்குமா என்று கேட்பது நியாயம். இதிலும் ஒரு பொறி உண்டு. 100 பதில்களை இருவர் தனித்தனியே படித்து, ஒவ்வொருவரும் 90-க்கு "பயம்" என்று குறியிடுகிறார்கள் என்று வையுங்கள். இருவரும் படிக்காமலே கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் சராசரியாக 82-ல் ஒத்துப்போவார்கள் (0.9 × 0.9 + 0.1 × 0.1). ஆக, "82% உடன்பாடு" என்று பெருமையாக எழுதியிருந்தாலும் அதற்கு இங்கே அர்த்தமே இல்லை. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்க்கத்தான் 1960-ல் ஜேக்கப் கோஹன் கப்பா என்ற அளவைக் கொடுத்தார். இந்த உதாரணத்தில் கப்பா பூஜ்யம்.

சர்வேக்களில் நான் முதலில் பார்ப்பது கேள்வித்தாளை. "சமீபத்தில் மருத்துவரைப் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி. ஒருவருக்குச் சமீபம் என்பது போன வாரம், இன்னொருவருக்குப் போன வருடம். ஆயிரம் பேர் "ஆம்" என்றாலும் அவர்கள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் மென்பொருள் உதவாது. களத்துக்குப் போகுமுன் சிலரை உட்காரவைத்து, கேள்வியைப் படித்ததும் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் சீக்கிரமே தெரிந்துவிடும். அதன் பிறகு அச்சுக்குப் போகும் தாளில் "சமீபத்தில்" இருக்காது. "கடந்த 30 நாட்களில்" என்றிருக்கும்.