தன்மதிப்பு: சொல்லும் அளவையும்

ஒருவர் தம்மைத் தாமே எவ்வளவு மதிக்கிறார் என்னும் உணர்வைக் குறிக்கும் 'செல்ஃப் எஸ்டீம்' என்பதற்குத் தமிழில் தன்னம்பிக்கை, தன்மானம், சுயமரியாதை, சுயமதிப்பு, தன்மதிப்பு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. பேச்சில் எதைச் சொன்னாலும் ஓரளவு விளங்கிவிடும். ஆனால் வேலூரிலோ குடியாத்தத்திலோ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வினாத்தாளைக் கொடுத்து இவ்வுணர்வை அளக்க முற்படுகிறவர் சொல்லைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். சொல் பிசகினால் அளக்கப்படும் பொருளே வேறாகிவிடும்.

'எஸ்டீம்' என்பதன் மூலம் விலை கணித்தலைக் குறிக்கும் 'ஈஸ்டிமாரே' என்னும் இலத்தீன் வினை. 'எஸ்டிமேட்' என்பதும் அதே வழியில் வந்ததே. 1890இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், ஒருவர் பெற்ற வெற்றியை அவர் தமக்கு வகுத்துக்கொண்ட எதிர்பார்ப்பால் வகுத்தால் கிடைப்பதே 'செல்ஃப் எஸ்டீம்' என்று ஒரு வாய்பாடாகவே எழுதினார்.

தமிழில் 'மதி' என்னும் வினை விலை கணித்தல், உயர்வாக எண்ணுதல் என்னும் இரு பொருளையும் இயல்பாகவே தாங்குகிறது. நிலத்தின் விலையை மதிப்பதும் பெரியவரை மதிப்பதும் ஒரே சொல்தான். ஆகவே தன்மதிப்பு என்பதே பொருத்தமான சொல் என்பது என் துணிபு. சுயமதிப்பும் பிழையன்று, முன்னொட்டு மட்டுமே வடசொல். தன்னம்பிக்கையோ, ஒரு செயலை முடிப்பேன் என்னும் உறுதியைக் குறிப்பது. கணக்கைத் தயங்காமல் போடும் மாணவி உள்ளுக்குள் தன்னைத் தாழ்வாகவே எண்ணியிருக்கலாம். தன்மானம் பிறர் இழிவுபடுத்தும்போது பொங்குவது. திருக்குறளின் 'மானம்' அதிகாரமும் நிலை தாழாமையையே பேசுகிறது. சுயமரியாதை என்றதும் 1925இல் பெரியார் தொடங்கிய இயக்கமும் அதன் வழிவந்த திருமண முறையும் நினைவுக்கு வரும். சமூக உரிமையைச் சுட்டும் அப்பெருஞ்சொல்லை ஒரு பிள்ளையின் அகநிலைக்குச் சுருக்குவது தகாது.

பதின்பருவத்தினரிடம் பெரிதும் பயன்படும் அளவையை அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்டார். நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு அமைத்த அதில் பத்துக் கூற்றுகள். ஐந்து தன்னை உயர்வாகவும் ஐந்து தாழ்வாகவும் சொல்பவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் உண்டு. தாழ்வான கூற்றுகளுக்குப் புள்ளி தலைகீழாக இடப்படும்.

தமிழாக்கத்தின் இடர் இங்கேதான் மிகுகிறது. ஆங்கிலத்தில் ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக நிற்கும் வாக்கியம் தமிழில் 'பயனற்றவன்', 'பயனற்றவள்' என்று பால் காட்டிவிடும். 'என்னால் எவருக்கும் பயனில்லை' என்றால் அச்சிக்கல் தீரும். 'உதவாக்கரை' என்ற சொல்லை இட்டால், வீட்டில் வாங்கிய வசவை நினைத்துப் பிள்ளை விடையளிக்கும். 'நான் பயனற்றவன் இல்லை என்பதை மறுக்கிறேன்' என்பது போன்ற இரட்டை எதிர்மறை பெரியவர்களையே குழப்பும். தன்னைத்தானே மெச்சுவது தலைக்கனம் எனக் கற்றுத்தந்து வளர்த்த பிள்ளை, உண்மையில் நிறைவோடு இருந்தும், உயர்வான கூற்றுக்குத் தயங்கியே உடன்படலாம். அவ்வடக்கத்தைத் தாழ்வுணர்வு என்று கணக்கிடுவது அப்பிள்ளைக்கு இழைக்கும் அநீதி. என்னை நானே இன்னும் மதிக்க வேண்டும் என்னும் பொருளுடைய கூற்றை முன்னேறும் விருப்பமாகவும் படிக்கலாம், குறையாகவும் படிக்கலாம்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசும் வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழ்த்தாள் இரண்டாம் மொழித்தாளாகவும் அமையக்கூடும். எனவே புள்ளியைக் கூட்டுவதற்கு முன், பிள்ளைகள் சிலரை ஒவ்வொரு கூற்றையும் தம் சொற்களில் விளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். குறிப்பாக, மதிப்பு என்றதும் அவர்கள் மதிப்பெண்ணை நினைக்கிறார்களா என்று விசாரித்து, அப்படியானால் தாளின் தலைப்பிலேயே வேறுபாட்டை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.