ஐம்பதாவது பிரிவை விட்டுவிடுங்கள், ப்ளீஸ்

போன மாதமும் அதே கதைதான். சர்வதேசச் சட்ட மூட் கோர்ட் (சட்ட மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டி) ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். ஆக்கிரமிப்பு ராணுவம் மூடிவிட்ட பல்கலைக்கழகம் பற்றிய வழக்கு. அரசுத் தரப்பு மாணவி, போர்க்காலத்தில் பொதுமக்களைப் பாதுகாக்கும் நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 50-வது பிரிவை மடமடவென்று சொல்லிவிட்டு, "இதில் குழந்தைகள் என்றுதான் இருக்கிறது. பல்கலைக்கழகம் என்ற பேச்சே இல்லை. ஆகவே உயர்கல்வி சலுகைதான், உரிமை இல்லை" என்றார். எதிர்த்தரப்பு மறுக்கும் என்று பார்த்தால், அதை ஒத்துக்கொண்டு "மனிதாபிமான அடிப்படையில்" கருணை காட்டச் சொல்லிக் கேட்டது. கருணையாம்! பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மாணவர்கள் மட்டும் என்றால் மார்க்கைக் குறைத்துவிட்டுப் போகலாம். பல வருடம் பிராக்டீஸ் செய்த வக்கீல்களே, "உயிர் பிழைப்பதே பாடாக இருக்கும் இடத்தில் டிகிரி ஒரு கேடா?" என்கிறார்கள். அதனால் ஒரு தடவை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

50-வது பிரிவு குழந்தைகளுக்காகவே எழுதப்பட்டது. குழந்தைகளைப் பராமரிக்கும், படிக்க வைக்கும் நிறுவனங்கள் சரியாக இயங்க ஆக்கிரமிப்பாளர் உதவ வேண்டும் என்கிறது. இது கூடுதலாகச் சுமத்தப்பட்ட கடமை. ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்ததால் மற்றவரிடமிருந்து எதையும் பிடுங்கியதாக ஆகாது. பேருந்தில் முதியோருக்கு இரண்டு சீட் ஒதுக்கியிருந்தால், மற்றவர்கள் பேருந்திலேயே ஏறக்கூடாது என்றா அர்த்தம்? 50-வது பிரிவில் இல்லை என்றால் அந்தப் பிரிவில் இல்லை, அவ்வளவுதான். புத்தகத்தில் மற்ற பக்கங்களும் இருக்கின்றன.

தேட வேண்டிய இடம் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை. அதன் 13-வது பிரிவு, திறமையின் அடிப்படையில் உயர்கல்வி எல்லோருக்கும் சமமாக எட்ட வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பாலஸ்தீனத்தையே எடுத்துக்கொள்வோம். அதை ஆக்கிரமித்திருக்கும் இஸ்ரேல் 1991-இல் இந்த உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. "எங்கள் எல்லைக்கு வெளியே இது செல்லாது" என்று அது வாதிட்டது. சர்வதேச நீதிமன்றம் 2004-இல், மேற்குக் கரையில் இஸ்ரேல் கட்டிய பிரிப்புச் சுவர் பற்றிய ஆலோசனைக் கருத்தில், ஆக்கிரமித்த பாலஸ்தீனப் பகுதியிலும் செல்லும் என்றது. 2024 ஜூலையில் அதையே திரும்பவும் சொன்னது. "காஸாவை விட்டு 2005-லேயே வெளியேறிவிட்டோமே" என்ற வாதத்துக்கும் அதே 2024 கருத்தில் பதில் இருக்கிறது: கட்டுப்பாடு எந்த அளவுக்கோ, கடமையும் அந்த அளவுக்கு.

மூட் கோர்ட்டுக்குத் தயாராகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசர நிலையில் உரிமைகளை நிறுத்திவைக்கும் பிரிவு சிவில், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில்தான் இருக்கிறது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில் கிடையாது. இரண்டையும் குழப்பிய மெமோரியல்கள் (எழுத்து வாதங்கள்) என் மேஜையில் ஒரு கட்டு இருக்கின்றன.

பல்கலைக்கழகத்தையும் பள்ளியையும் பிரித்துப் பேசுகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை. 1980-இல் மேற்குக் கரையை நிர்வகித்த இஸ்ரேல் ராணுவம் 854-வது உத்தரவைப் போட்டது. பள்ளிகளுக்கென்று இருந்த 1964-ஆம் வருட ஜோர்டான் சட்டத்தை அது பல்கலைக்கழகங்களுக்கும் நீட்டியது. நடத்த உரிமம், பாடம் எடுக்க அனுமதி, மாணவர் சேர்க்கை என எல்லாவற்றிலும் ராணுவத்தின் கை. கட்டுப்படுத்தும்போது பள்ளியும் பல்கலைக்கழகமும் ஒன்று, உரிமை கேட்டால் மட்டும் வேறு வேறா?

மேற்குக் கரையில் இருக்கும் பீர்ஸெய்த் பல்கலைக்கழகத்தை 1988 ஜனவரியில் மூடினார்கள். திறந்தது 1992 ஏப்ரலில். ஒரு பட்டப்படிப்பு முழுதாக முடியும் காலம் அது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் வகுப்பு நடந்தது. அங்கேயும் ராணுவம் புகுந்தது. குற்றம் செய்த ஆளைப் பிடி, ஆதாரத்தைக் காட்டு, வழக்குப் போடு என்றால் அது பாதுகாப்பு நடவடிக்கை. சில மாணவர்கள் கல்லெறிந்தார்கள் என்பதற்காக எல்லோருடைய படிப்பையும் வருடக்கணக்கில் நிறுத்துவது கூட்டுத் தண்டனை. அதற்கு அதே நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 33-வது பிரிவில் தெளிவான தடை இருக்கிறது. 50-ஐ மனப்பாடம் செய்கிறவர்கள் அதற்கு முந்தைய பக்கங்களையும் கொஞ்சம் புரட்டலாம்.

"படிக்காதே என்று யாரும் தடுக்கவில்லையே" என்பார்கள். மேற்குக் கரையின் பெத்லகேமில் பிசினஸ் பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்த காஸா மாணவி ஒருவர், 2009 அக்டோபரில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டினார். முகவரி காஸா என்று இருந்தது. கையைப் பூட்டி, கண்ணைக் கட்டி, அன்று இரவே காஸாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் ஆபத்தானவர் என்ற குற்றச்சாட்டுகூட இல்லை. டிசம்பரில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்து, தொலைவிலிருந்தபடி படிப்பை முடிக்க வைத்தது. படிப்பைத் தடுக்க, படிக்காதே என்று உத்தரவு எதற்கு? காஸாவிலிருந்து வந்து தங்க ராணுவம் பெர்மிட் கொடுக்காமல் இருந்தால் போதாதா?

2023-க்குப் பிறகு காஸாவில் பெர்மிட் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. 2024 ஜனவரியில் இஸ்ரா பல்கலைக்கழகக் கட்டடத்தை ராணுவம் வெடிவைத்துத் தகர்த்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சண்டை நடுவே தவறி விழுந்த குண்டு இல்லை. உள்ளே இருந்து, வெடிமருந்து அடுக்கிச் செய்தது. உரிய அனுமதி இல்லாமல் செய்ததாகத் தளபதி ஒருவருக்குக் கண்டனக் குறிப்பு கிடைத்தது. அவ்வளவுதான். கல்வி நிறுவனச் சொத்தை அழிப்பதைத் தடை செய்யும் பிரிவு, 1907-ஆம் வருட ஹேக் விதிகளிலேயே (போர் நடத்தும் முறை பற்றிய விதிகள்) 56-வதாக இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஐ.நா. வல்லுநர்கள் சொன்ன கணக்கில் மட்டும் கொல்லப்பட்ட பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் 95 பேர். காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத் தலைவர், இயற்பியலாளர் சுஃப்யான் தாயே 2023 டிசம்பரில் குண்டுவீச்சில் இறந்தார்.

சரி, இதைப் பற்றி எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள் கவனிக்க.

"கல்வி பாதிப்பு" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். மூடியது யார், எந்த உத்தரவால், எத்தனை நாள் என்று எழுதுங்கள். மனிதாபிமானம் என்ற சொல்லை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் இருக்கும்போது கெஞ்சக் கூடாது. முக்கியமாக, பெர்மிட்டுக்குக் காத்திருக்கும் மாணவரின் பெயரையும் படத்தையும் அவரைக் கேட்காமல் பகிராதீர்கள். நீங்கள் லைக் வாங்குவீர்கள். அவர் சாவடியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"வெளிநாடு போய்ப் படிக்கட்டுமே" என்கிறவர்களுக்கு: போவதற்கும் அதே ராணுவம் வாசலைத் திறக்க வேண்டும். சொந்த ஊரில் படிப்பதும் உரிமைதான்.

அப்புறம், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காஸாவிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தால், ஒரிஜினல் மார்க்‌ஷீட் இல்லை என்று முதல் நாளே தள்ளிவிடாதீர்கள். சீல் வைக்க வேண்டிய ரெஜிஸ்ட்ராரின் கட்டடமே அங்கே இல்லாமல் இருக்கலாம். ஸ்கேன் காப்பியை வாங்கிக்கொள்ளுங்கள், ஆசிரியர்களுக்கு மெயில் போட்டு விசாரியுங்கள், தேவைப்பட்டால் ஒரு தேர்வு வையுங்கள். காகிதம் இல்லாத அகதிகளின் படிப்பை மதிப்பிட யுனெஸ்கோ ஒரு தகுதிப் பாஸ்போர்ட்டே வைத்திருக்கிறது. உங்கள் ரூல் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி சேர்க்க, அடுத்த அகடமிக் கவுன்சில் கூட்டம் வரை காத்திருந்தால் போதும்.