அலமாரியில் மிஞ்சியதை உணவு வங்கிக்குக் கொடுக்க: அமெரிக்கச் சட்டமும் நடைமுறையும்

அமெரிக்காவில் வீடு மாறுகிறவர்கள், வேலை முடிந்து ஊருக்கே திரும்புகிறவர்கள், தள்ளுபடியில் டப்பாக்களை வாங்கி அடுக்கிவிட்டவர்கள் என்று பலருக்கும் உள்ள சந்தேகம் இது. பிரிக்காத மளிகையை உணவு வங்கிக்குக் கொடுக்கலாமா? அதைச் சாப்பிட்ட யாருக்காவது உடம்புக்கு ஏதாவது வந்தால் பழி நம் மேல் விழுமா? தாராளமாகக் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர் மேல் வழக்கு நிற்காது என்பதற்காகவே 1996 முதல் மத்திய அரசுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்த பயத்தினாலேயே நல்ல பருப்பும் அரிசியும் குப்பைக்குப் போவதால், அந்தச் சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம்.

சட்டம் சொல்வது

மிசௌரி மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்து 1996 ஜூனில் மறைந்த பில் எமர்சனின் பெயரில் வந்த உணவு நன்கொடைச் சட்டம் இது. அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி அதிபர் கிளிண்டன் இதில் கையெழுத்திட்டார். உணவு பார்வைக்கு நல்ல நிலையில் இருக்க வேண்டும், நல்லெண்ணத்தோடு கொடுக்க வேண்டும், லாப நோக்கமில்லாத அமைப்பின் கையில் கொடுக்க வேண்டும், அது தேவைப்படுவோருக்குப் போய்ச் சேருவதற்காக இருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தினால் அந்த உணவின் தன்மை, வயது, பொட்டலம், நிலை ஆகியவற்றால் எழும் சிவில் பொறுப்பும் கிரிமினல் பொறுப்பும் கொடுத்தவருக்குக் கிடையாது. பட்டியலில் ‘வயது’ என்ற சொல்லும் இருப்பதைக் கவனியுங்கள். தேதி நெருங்கிவிட்டது என்பது மட்டுமே உங்களைக் குற்றவாளி ஆக்காது. சோப்பு, துணி துவைக்கும் தூள், காகிதப் பொருள்கள் போன்றவற்றுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

விதிவிலக்கு ஒன்று உண்டு: கடும் அலட்சியமும் வேண்டுமென்றே செய்த தீங்கும். கடும் அலட்சியம் என்றால் என்ன என்பதைச் சட்டமே விளக்குகிறது. இப்படிச் செய்தால் இன்னொருவர் உடல்நலம் கெட வாய்ப்பிருக்கிறது என்று அந்த நேரத்தில் தெரிந்திருந்தும் மனமறிந்து செய்வதுதான் அது. டப்பா உப்பியிருப்பதைப் பார்த்தும் ‘இருக்கட்டும்’ என்று பெட்டியில் போடுவது இதில் வரும். கண்ணுக்குத் தெரியாத கோளாறு வராது.

அந்த அமைப்பு பெரிய உணவு வங்கியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சமய, தரும, கல்வி நோக்கத்துக்காக நடந்து, வருமானத்தைத் தன் ஆட்களுக்குள் பங்கு போடாத அமைப்பு எதுவும் போதும்; முறைப்படி பதிவு செய்யாததாக இருந்தாலும் சரி. உங்கள் ஊர்க் கோவிலோ தமிழ்ச் சங்கமோ இந்த இலக்கணத்துக்குள் நின்று, ஏழைகளுக்கு விநியோகிக்க மளிகை திரட்டினால், அங்கே கொடுப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு, திரட்டும் சங்கத்துக்கும் உண்டு.

2023 ஜனவரி 5-ஆம் தேதி கையெழுத்தான திருத்தச் சட்டம் உணவகங்கள், மளிகைக் கடைகள், விவசாயிகள், பள்ளி உணவுக்கூடங்கள் போன்றவை இடையில் அமைப்பு இல்லாமல் நேரடியாகவே தேவைப்படுவோருக்கு இலவசமாகக் கொடுக்கவும் பாதுகாப்பை நீட்டித்தது. அந்தப் பட்டியலில் வீடுகள் இல்லை. பலர் இங்கேதான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நீங்களே ஒருவர் கையில் கொடுக்கக் கூடாது என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை; இதன் பாதுகாப்பு அங்கே வராது, அவ்வளவுதான். வீட்டு அலமாரியிலிருந்து போகிற பொருள் ஓர் அமைப்பின் வழியாகப் போவதே உத்தமம்.

டப்பாவில் அச்சிட்ட தேதி

குழந்தைகளுக்கான பால்மாவு ஒன்றைத் தவிர வேறு எந்த உணவுக்கும் தேதி போட்டே ஆக வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு விதிக்கவில்லை. மற்றவற்றில் இருப்பவை பெரும்பாலும் ருசிக்கும் தரத்துக்கும் தயாரிப்பாளர் கணித்த தேதிகள். ‘செல் பை’ கடைக்காரர் சரக்கைச் சுழற்றுவதற்கு. ‘பெஸ்ட் இஃப் யூஸ்ட் பை’ என்றால் அதுவரை ருசி உச்சத்தில் இருக்கும் என்று பொருள். கலிஃபோர்னியாவில் இந்தக் குழப்பத்தை ஒழிக்கவே தனிச் சட்டம் வந்தது. 2026 ஜூலை 1 முதல் தயாராகும் பொருள்களில் தேதி போட்டால், தரத்துக்கு ‘பெஸ்ட் இஃப் யூஸ்ட் பை’, பாதுகாப்புக்கு ‘யூஸ் பை’ என்று இரண்டே வாசகம்தான். வாங்குபவர் கண்ணில் படும் ‘செல் பை’க்கு இடமில்லை.

வேளாண் துறையின் கணக்கில், தக்காளி, பழம் போன்ற புளிப்புள்ள டப்பா உணவுகளின் தரம் 12 முதல் 18 மாதம் நிற்கும். பீன்ஸ், சோளம், இறைச்சி போன்ற புளிப்புக் குறைந்தவை 2 முதல் 5 ஆண்டு நிற்கும். புளிப்பு தகரத்தை அரிக்கும் என்பதே வித்தியாசத்துக்குக் காரணம். எனவே ஒரே நாளில் வாங்கிய இரண்டு டப்பாவில் தக்காளியை முதலில் அனுப்புங்கள். கோதுமை மாவு, கைக்குத்தல் அரிசி, முந்திரி, நிலக்கடலை போன்ற எண்ணெய்ப்பசை உள்ளவை சிக்கு வாடை அடிக்கும் என்பதால் அவற்றுக்கும் முன்னுரிமை.

தேதிக்குப் பிறகும் நன்றாக இருக்குமென்றால் எதற்கு அவசரம்? உணவு வங்கி என்பது கிடங்கு. அங்கே பொருள்கள் தரம் பிரிக்கப்பட்டு, அக்கம்பக்கத்து உணவு மையங்களான ‘ஃபுட் பேன்ட்ரி’களுக்குப் போகும். அவை வாரம் ஒரு முறையோ மாதம் இரு முறையோ திறந்து குடும்பங்களுக்குக் கொடுக்கும். வாங்கிப் போனவர் அன்றைக்கே சமைக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது. அவர் வீட்டு அலமாரியிலும் அது சில வாரம் இருக்கும். இரண்டு மூன்று மாதம் மீதி இருக்கும்போதே கொடுத்தால்தான் அந்தக் குடும்பத்துக்கு அது முழுசாகப் பயன்படும். தேதி கடந்த டப்பாக்களையும் தங்கள் அட்டவணைப்படி ஏற்கும் பெரிய கிடங்குகள் உண்டு. சிறிய மையங்கள் பல அடியோடு மறுத்துவிடும். கேட்காமல் கலந்து கொடுத்தால் பிரித்து எறியும் வேலை தொண்டர்கள் தலையில் விழுகிறது.

நம் ஊர்ப் பொட்டலங்கள்

இந்தியக் கடையில் வாங்கிய பொருள்களில் தேதியே சிக்கல். 05/08/2026 என்றால் நமக்கு ஆகஸ்ட் 5; அமெரிக்கத் தொண்டர் மே 8 என்று படிப்பார், நல்ல பொருள் மூன்று மாதம் முன்பே குப்பைக்குப் போகும். 08/05/2026 என்றிருந்தால் நேர்மாறு: மே மாதமே முடிந்தது ஆகஸ்ட் வரை அலமாரியில் இருக்கும். ‘பொட்டலமிட்ட நாளிலிருந்து 12 மாதம்’ என்று போட்டு, நாளை வேறொரு மூலையில் மங்கலான மசியில் குத்தியிருப்பார்கள். வரிசையில் நிற்கும் தொண்டருக்கு அதைத் தேட நேரமிருக்காது. நீங்களே கணக்குப் போட்டு, ஒட்டும் காகித நாடாவில் மாதத்தின் பெயரை ஆங்கில எழுத்திலும் ஆண்டை எண்ணிலும் எழுதி முன்பக்கம் ஒட்டுங்கள். அச்சிட்ட லேபிளை மட்டும் மறைக்க வேண்டாம்.

லேபிள் முக்கியம் என்பதற்கு ஒவ்வாமை ஒரு காரணம். பால், முட்டை, மீன், நண்டு-இறால் வகை, கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள் என ஒன்பதைப் பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். எள் 2023 ஜனவரி 1 முதல் சேர்ந்தது. இட்லிப் பொடியில் எள் இருக்கும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அது சாம்பார் பொடிக்குள்ளும் போயிருக்கும். அதனால் வீட்டில் அரைத்த பொடி, அம்மா அனுப்பிய ஊறுகாய், ஜிப் பையில் மாற்றிய பருப்பு எதையும் வாங்க மாட்டார்கள். எவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல அதில் லேபிள் இல்லை.

20 பவுண்டு சோனா மசூரி மூட்டை பிரிக்காமல் இருந்தால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு வாங்குவார்கள். பாதி மூட்டையை வாங்குவதில்லை. பிரிக்காததையும் தையல் ஓரத்தில் பாருங்கள். மாவு போல் தூள் கொட்டினாலோ நூலாம்படை போல் இழை தெரிந்தாலோ வண்டு, பூச்சி ஏறிவிட்டது. அது கிடங்குக்குள் போனால் பக்கத்து மூட்டைகளும் போச்சு.

தகர டப்பாவில் நெளிவு இருந்தால் விரலை வைத்துப் பாருங்கள். விரல் உள்ளே படிகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் வேண்டாம். மேல், கீழ் விளிம்பிலோ பக்கத்துத் தையலிலோ நெளிந்திருந்தாலும் வேண்டாம். காற்று புகும் இடம் அதுதான். உப்பியது, ஒழுகுவது, துடைத்தும் போகாத துருப் பிடித்தது எதையும் திறந்து முகர்ந்துகூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். உயிரைப் பறிக்கும் பாட்டுலிசம் நஞ்சு அதில் இருக்கக்கூடும். பால்மாவு ‘யூஸ் பை’ தேதி கடந்தால் கொடுக்கவே கூடாது. லேபிளில் சொன்ன ஊட்டச்சத்து அந்தத் தேதிவரைதான் உறுதி, பச்சிளம் குழந்தைக்கோ அது ஒன்றே ஆகாரம்.

கொண்டுபோய்ச் சேர்ப்பது

ஃபீடிங் அமெரிக்கா அமைப்பின் இணையதளத்தில் ஜிப் கோடு போட்டால் உங்கள் வட்டார உணவு வங்கி தெரியும்; 211 என்ற எண்ணை அழைத்தும் கேட்கலாம். வீட்டு நன்கொடை வாங்கும் நாளும் நேரமும், தேதிக்கு முன் எவ்வளவு காலம் மீதி இருக்க வேண்டும், கண்ணாடிப் புட்டி ஏற்பார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மூடிய வாசலில் இரவில் வைத்துவிட்டு வர வேண்டாம், எலியும் மழையும் முந்திக்கொள்ளும். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று கோடையில் கார் டிக்கியில் விட்டாலும் எண்ணெயும் டப்பாக்களும் வெந்து கெடும். மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை தபால்காரர்கள் சங்கம் நாடு முழுக்க நடத்தும் திரட்டில் பங்கேற்கும் ஊர்களில், பையைத் தபால் பெட்டி அருகே வைத்தால் அவர்களே எடுத்துப் போவார்கள். நவம்பர், டிசம்பரில் நன்கொடை குவியும். பள்ளி விடுமுறையில் குழந்தைகளுக்கு மதிய உணவு நின்றுபோகும் ஜூன், ஜூலையில்தான் தட்டுப்பாடு. நாளைத் தேர்ந்தெடுக்கும் வசதி உங்களுக்கு இருந்தால் கோடையில் கொடுங்கள்.

வரிக் கழிவு வேண்டுமென்றால் ரசீது கேளுங்கள். வீட்டு மளிகைக்குக் கழிவு கிடைப்பது ‘ஷெட்யூல் ஏ’யில் செலவுகளைத் தனித்தனியே காட்டுகிறவர்களுக்கு மட்டும், அதுவும் வாங்கிய விலைக்கு அல்ல, கொடுத்த அன்றைய சந்தை மதிப்புக்கு. ஒரே தடவையில் 250 டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்பிருந்தால் அமைப்பின் எழுத்துமூல ஒப்புகை கட்டாயம். 2026 வரியாண்டு முதல், தனித்தனியே காட்டாதவர்களுக்கும் 1,000 டாலர், கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2,000 டாலர் வரை கழிவு உண்டு. ஆனால் அது பணமாகக் கொடுத்ததற்குத்தான், அரிசி பருப்புக்கு அது செல்லாது.