"ஒண்ணும் இல்லடா, தூங்கு"

குழந்தைகள் மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம் பெற்றோர் பலர் அழுதுகொண்டே சொல்வது இதுதான்: "அப்பவே சொன்னான் மேடம். நாங்கதான் ஒண்ணும் இல்லடா, தூங்குன்னு சொல்லிட்டோம்." அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு ஜெர்மன் பாட்டு நினைவுக்கு வரும்.

ஜெர்மன் கவிஞர் கதே 1782-இல் எழுதிய 'எர்ல்கோனிக்' கவிதைக்கு 1815-இல் ஷூபர்ட் இசையமைத்தார். அப்போது அவருக்கு 18 வயது. காற்று வீசும் இரவில், மகனை அணைத்தபடி அப்பா குதிரையில் விரைகிறார். கிரீடம் வைத்த ஒரு ராஜா, அந்த எர்ல்கோனிக், மகன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். அது மூடுபனி என்கிறார் அப்பா. அவன் என்னிடம் பேசுகிறான் என்று மகன் சொன்னால் சருகுச் சத்தம் என்கிறார். அவனுடைய மகள்கள் நிற்கிறார்கள் என்றால் பழைய வில்லோ மரங்கள் என்கிறார்.

யார் அந்த ராஜா? மரணம் என்பார்கள், காய்ச்சலில் தெரியும் பிரமை என்பார்கள். இரண்டும் பொருந்தும். கடும் காய்ச்சலில் குழந்தைகள் இல்லாத உருவத்தைப் பார்த்துப் பிதற்றுவது உண்டு. அப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆனால் என்னை உறைய வைப்பது அந்த ராஜா பேசும் வரிசை. முதலில் விளையாட்டு, பூக்கள், தங்க உடை. அப்புறம் தாலாட்டத் தன் மகள்கள். பிறகு, உன் அழகு எனக்குப் பிடித்திருக்கிறது என்கிறான். கடைசியில், நீயாக வராவிட்டால் பலவந்தமாகத் தூக்கிப்போவேன் என்கிறான். பிள்ளைகளைச் சீரழிப்பவர்கள் பலர் இப்படித்தான் படிப்படியாக நெருங்குகிறார்கள். ஷூபர்ட்டும் அந்தக் கடைசி மிரட்டல் வரும்வரை அவன் குரலுக்கு மிரட்டும் மெட்டைத் தரவில்லை. கொஞ்சும் மெட்டைத் தந்திருக்கிறார். "அப்பா, அப்பா" என்ற மகனின் கூப்பாடுதான் ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏறுகிறது.

அந்த அப்பா கெட்டவர் இல்லை. பிள்ளையை இறுகப் பிடித்திருக்கிறார். ஆனால் "அவன் என்ன சொல்கிறான்?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "என்னை நோகடித்துவிட்டான்" என்று மகன் கத்தும்போதுதான் அவருக்கு நடுக்கம் வருகிறது. அதற்குப் பதில் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. வீட்டை அடையும்போது, கையில் இருந்த பிள்ளை இறந்திருக்கிறான்.

குழந்தைகள் பெரும்பாலும் நேராகச் சொல்வதில்லை. வயிறு வலிக்கிறது, அந்த வீட்டுக்கு வரமாட்டேன், ஜன்னலில் பூச்சாண்டி நிற்கிறான் என்று சுற்றி வருவார்கள். எல்லாப் பூச்சாண்டிக்குப் பின்னாலும் ஒரு ஆள் இருப்பதில்லை. பெரும்பாலும் அந்த வயதுக்கு உரிய பயம்தான். இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "அது என்ன பண்ணுச்சு? உன்கிட்ட என்ன சொல்லுச்சு?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். "அவர் தொட்டாரா?" என்று நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளை சொல்லி முடித்ததும், "என்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சு, உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். மனதுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் இந்தியாவின் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.