பரம்பரைக் கொலஸ்ட்ரால்: இசப்கோலும் ஓட்ஸும் எதுவரை இறக்கும்?

ஒல்லியான உடம்பு, சைவச் சாப்பாடு, தினமும் நடைப்பயிற்சி. ஆனாலும் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 240. இப்படி வருபவர்கள் முதலில் கேட்பது, "மாத்திரை இல்லாம சாப்பாட்டுலயே குறைக்க முடியாதா?" என்றுதான்.

பெரியவர்களுக்கு எல்.டி.எல். 190-க்கு மேல், குழந்தைகளுக்கு 160-க்கு மேல் இருந்து, குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பும் வந்திருந்தால் பரம்பரைக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு முன் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்து, தைராய்டு குறைபாடு இல்லை என்று உறுதிசெய்துகொள்வது அவசியம். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். தடித்து, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டால் அது கொலஸ்ட்ரால் படிவாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களில் உண்டு. இதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஏறக்குறைய பாதி ஏற்பிகள்தான் வேலை செய்யும். சாப்பாட்டை எவ்வளவு மாற்றினாலும் அந்தப் பாதி முழுசாகாது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நெய், தேங்காய் எண்ணெய், பாமாயில், ஆறு சதவீதக் கொழுப்புள்ள பால் எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறைத்தால் சுமார் 10 சதவீதம் இறங்கும்: 240 என்பது 216 ஆகும். தினம் 10 கிராம் இசப்கோல் (நார்ச்சத்துள்ள விதை உமி) இன்னும் 7 சதவீதம்: 201. தாவர ஸ்டெரால் (குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைக் குறைக்கும் தாவரப் பொருள்) 2 கிராம் இன்னும் 8 சதவீதம்: 185. இவ்வளவும் ஒரு நாள் தவறாமல் செய்தால்தான். இலக்கோ 70, இதயநோய் வந்துவிட்டவர்களுக்கு அதற்கும் கீழே.

அதே 240-ஐ, ஸ்டேட்டின் எனப்படும் கொலஸ்ட்ரால் மருந்துகளில் ஒன்றான ரோசுவாஸ்டேட்டின் 20 மி.கி. ஏறக்குறைய 120-க்குக் கொண்டுவரும். குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுக்கும் எசிடிமைப் மாத்திரை 10 மி.கி. சேர்ந்தால் 96. அதன்மேல் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இசப்கோலும் சேர்ந்தால் 80 பக்கம் வந்துவிடலாம். மாத்திரையோடு சேரும்போதுதான் பத்தியத்துக்கு மரியாதை.

இசப்கோலை ஒரேயடியாக 10 கிராம் எடுத்து, வயிறு உப்பி, மூன்றாம் நாளே விட்டுவிடுபவர்கள் அதிகம். முதல் வாரம் ஒரு தேக்கரண்டி போதும். பிறகு மெல்லக் கூட்டி காலை 5, இரவு 5 கிராம். ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கட்டாயம். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும், மலச்சிக்கலும் வரும். தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. சில மணி நேரம் தள்ளி எடுங்கள். ஓட்ஸ் பலன் தரவேண்டுமானால் தினம் 75 கிராம் அளவுக்குச் சாப்பிட வேண்டும். ஒரு சின்ன மசாலா பாக்கெட்டில் அது கிடைக்காது, உப்புதான் கிடைக்கும்.

மீன் எண்ணெய் மாத்திரை ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடைக் குறைக்கும், எல்.டி.எல்.லைக் குறைக்காது. பூண்டு, பட்டை, மஞ்சள் உட்பட ஆறு சப்ளிமென்ட்களை 5 மி.கி. ரோசுவாஸ்டேட்டினோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. 28 நாளில் ஸ்டேட்டின் 38 சதவீதம் குறைத்தது. சப்ளிமென்ட் எதுவும் மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக இல்லை.

அதிகம் விற்பது 'ரெட் ஈஸ்ட் ரைஸ்' காப்ஸ்யூல். நம் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; பூஞ்சையால் புளிக்க வைத்த அரிசி இது. இதில் வேலை செய்யும் மோனகோலின் கே என்பது லோவாஸ்டேட்டினேதான், 1987-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்ற அதே பொருள். ஸ்டேட்டின் வேண்டாமென்று ஓடி, அளவு தெரியாத ஸ்டேட்டினையே வாங்கி விழுங்குகிறார்கள். தயாரிப்பு சரியில்லையென்றால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் நச்சும் கூடவே வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் மோனகோலினின் ஒரு நாள் அளவு 3 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. ஸ்டேட்டின் எடுப்பவர்கள் இதையும் சேர்த்தால் தசைச் சிதைவு அபாயம் கூடும்.

கால் வலிக்கிறது என்று மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். தைராய்டும், தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. ரத்தப் பரிசோதனையும் பார்த்து, டாக்டர் சொன்னால் சில வாரம் நிறுத்தி, குறைந்த அளவிலோ வேறு ஸ்டேட்டினிலோ மறுபடி தொடங்கலாம். கடும் வலியோடு சிறுநீர் கறுத்தால் மட்டும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை தொடங்கி 6 முதல் 8 வாரத்தில் மறுபரிசோதனை. எதிர்பார்த்த அளவு இறங்காவிட்டால் தினமும் போடுகிறாரா என்றுதான் முதலில் கேட்போம்.

இந்தக் கோளாறைத் தரும் பழுதான மரபணு பிள்ளைக்குப் போக 50 சதவீத வாய்ப்பு. ஆகவே ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாருக்கும் லிப்பிட் ப்ரொஃபைல் எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு 8 முதல் 10 வயதிலிருந்தே ஸ்டேட்டின் தொடங்குவது உண்டு. அப்படித் தொடங்கியவர்களை நெதர்லாந்தில் 20 ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 39 வயதுக்குள் இதய, ரத்தக்குழாய் பாதிப்பு வந்தது 1 சதவீதம் பேருக்கு. இதே கோளாறுள்ள அவர்களுடைய பெற்றோருக்கு அந்த வயதில் 26 சதவீதம். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் பேசும் குடும்பங்களில் இது இன்னும் முக்கியம். இருவருக்கும் இந்த மரபணு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரட்டைப் பழுதாகச் சேர 25 சதவீத வாய்ப்பு. அப்படிப் பிறக்கும் குழந்தைக்குப் பத்து வயதுக்குள்ளேயே முட்டியிலும் முழங்கையிலும் மஞ்சள் கட்டிகள் வரும், பதின்ம வயதிலேயே மாரடைப்பு வரலாம். ஜாதகம் பார்க்கும்போதே இருவரின் எல்.டி.எல்.லையும் பார்த்துவிடுங்கள்.