பூட்டியின் ரவிக்கையைப் பிரிக்காமல் அளவெடுப்பது எப்படி?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: பூட்டி போட்ட கைத்தையல் ரவிக்கை ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, அதே மாதிரி மகளுக்குத் தைக்க வேண்டும், தையற்காரரோ பிரித்துக் கொடுத்தால்தான் வெட்டுவேன் என்கிறார், பிரிக்கலாமா?

வேண்டாம். கடற்கரை ஊர்த் துணி அது. உப்பு ஏறிய நூல் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்புக் கொக்கி துருப்பிடிக்கும், அந்தத் துரு சுற்றியுள்ள பருத்தியையும் அரித்துவிடும். கொக்கியைச் சுற்றிப் பழுப்பு வட்டம் தெரிந்தால் இழுத்தாலே பொடிந்துவிடும். போதாததற்கு, எந்தத் தையலை முதலில் போட்டார்கள் என்ற சேதியும் பிரித்ததும் போய்விடும்.

சரி, அப்படியே டேப்பை வைத்து அளந்தால்? ஏமாற்றும். துணியில் நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை. இவற்றின் வழியே இழுத்தால் துணி அவ்வளவாக நீளாது. மூலைவாக்கில் இழுத்துப் பாருங்கள், தாராளமாகக் கொடுக்கும். நூல் எதுவும் நீளவில்லை, பாவும் ஊடையும் பின்னிய குட்டிச் சதுரங்கள் சாய்சதுரமாகச் சரிகின்றன, அவ்வளவுதான். கழுத்துக்கு மூலைவாக்கில் வெட்டிய பட்டியை, அதாவது கிராஸ் பீஸ், வைப்பது இந்தக் குணத்துக்காகத்தான். பூட்டியின் மார்பிலும் அக்குளிலும் வருடக்கணக்கில் இழுபட்ட துணி அப்படிச் சரிந்தே கிடக்கிறது, டேப் அந்தக் கோணலைத்தான் அளக்கும்.

ஆனால் நூல்களின் எண்ணிக்கை மாறவில்லையே! நான் சொக்கிப்போகும் இடம் இதுதான். துணி தன் கிராப் தாளைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது. லென்ஸை எடுத்து, அதிகம் இழுபடாத நடுமுதுகில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பாவு என்று எண்ணுங்கள். 60 என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஏதாவது ஓர் ஊடையைப் பிடித்துக்கொண்டு ஒரு தையலிலிருந்து அடுத்த தையல்வரை போங்கள். 330 பாவு வந்தால் அந்த இடத்தில் அகலம் 5½ அங்குலம். அந்த ஊடை இன்றைக்கு எப்படி வளைந்து நெளிந்திருந்தாலும் கவலையில்லை, கிராப் தாளில் அது நேர்கோடு. ஊடைக்கும் தனியாக எண்ணிக்கொண்டு, அரை அங்குலம் அரை அங்குலமாக இறங்கிப் புள்ளி வைத்தால், கத்தரி போன வழி அப்படியே வந்துவிடும். கண் வலிக்கும்தான்.

இங்கிலாந்தில் உடை வரலாற்றை ஆராய்ந்த ஜேனட் ஆர்னால்ட் அருங்காட்சியகங்களில் இருந்த பெண்கள் உடைகளை அளந்து, ஓர் அங்குலத்தை 1/8 அங்குலமாகச் சுருக்கி வரைந்தவற்றை 1964-இல் வெளியிட்டார். இன்றும் அவற்றை வைத்துத் தைக்கிறார்கள். இங்கே அழகன்குளத்து அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டுக்கு எண் போட்டு வைக்கிறோம், வேண்டியதுதான், ஆனால் ரவிக்கைக்கு யார் பணம் ஒதுக்குகிறார்கள்? ராமநாதபுரம் அரண்மனையான ராமலிங்க விலாசத்துச் சுவரோவியத்தில் பெண்கள் உடுத்தியது தெரியும், தையல் எங்கே ஓடியது என்று தெரியாது. அதைச் சொல்லக்கூடிய துணியையோ, செத்தவர் உடுத்தியது வீட்டில் ஆகாது என்று கடலில் விட்டுவிடுகிறோம். துணிக்கு ஒரு தோஷமும் கிடையாது. பூஞ்சை இருந்தால் முதலில் நிழலில் காற்றாடப் போடுங்கள்.

நிறத்துக்குத் தையலின் உள்மடிப்பைப் பாருங்கள், வெளிச்சம் படாததால் அங்கே சாயம் அவ்வளவாக மங்கியிருக்காது. முதலில் காடாத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மகளுக்குப் பற்றாவிட்டால் பக்கத் தையலில் கூட்டிக்கொள்ளலாம். அக்குளில் சதுரமாக ஓர் ஒட்டுத்துண்டு இருந்தால் தையற்காரர் தேவையில்லை என்பார், விடாதீர்கள். கை தூக்கும்போது இழுப்பு அதன் மூலைவாக்கில் விழுகிறது, அதனால்தான் ரவிக்கை மேலே ஏறுவதில்லை.